தராசுக்கு அணைத்த சூடம்

பெயர்: வீரணன். தகப்பனார் பெயர்: பெரியகருப்பன். வயது: 54. தொழில்: விவசாயம், காளி கோயில் பூசாரி. ஊர்: இராமநாதபுரம் மாவட்டம், திருப்பத்தூர் தாலுகா, நாச்சியாபுரத்தை அடுத்த கருங்கண்மாய்ப்பட்டி. தேர்தல் வழக்கில் நீதிமன்றம் நியமித்த ஆணையர் முன்பாக, காரைக்குடி செக்காலை முகாமில், 1971 ஆகஸ்டு 28 ஆம் தேதி காலை 11 மணிக்குப் பதிவு செய்யப்பட்டது. கடவுள் பெயரால் சத்தியம் செய்ய சாட்சி மறுத்துவிட்டதால் சட்டப்படியான உறுதிமொழி மட்டும் பெறப்பட்டது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எதிர்மனுதாரரான சட்டமன்ற உறுப்பினர் சேவுகன் அம்பலம் அவர்களை இருபது வருடமாகத் தெரியும். வழக்குப் போட்டிருக்கும் பொன்னழகு அவர்களையும் தெரியும். அவர் எனக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை.

1962 ஆம் வருடத் தேர்தலில் அம்பலம் முதன்முதலாகச் சுயேச்சையாகத் தராசு சின்னத்தில் நின்றார். அதற்கு முன் அவர் பஞ்சாயத்துத் தலைவராக இருந்து எங்கள் கண்மாய்க்கு மடை கட்டிக் கொடுத்தவர் என்பதால் ஊரில் அவர்மேல் பிரியம் இருந்தது. தேர்தலுக்கு நாலு நாள் முன்பு அவர் கோயிலுக்கு வந்து, ஊர் ஓட்டு சிதறாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டதன் பேரில், வீட்டுக்கு ஒரு ஆள் வீதம் காளி முன்னால் நின்று எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தார்கள். சத்திய வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தவன் நான். படிக்காத ஜனங்களுக்குப் பெயரைவிடச் சின்னம் மனதில் நிற்கும் என்று நினைத்து, "எங்க ஊரு ஓட்டு தராசுக்கே" என்று சொல்லச் சொன்னேன். எந்தச் சத்தியத்திற்கும் கெடு சொல்வது எங்கள் ஊர் வழக்கம். கெடு சொல்லாத சத்தியம், செய்தவன் செத்த பிறகும் அவன் பிள்ளைகள்மேல் நிற்கும். அன்றைக்கு "இந்தத் தேர்தலுக்கு மட்டும்" என்ற வார்த்தையைச் சேர்க்க மறந்துபோனேன். அது என் புத்திகெட்டத்தனம். அம்பலம் 351 ஓட்டில் ஜெயித்தார். எங்கள் ஊரில் மட்டும் அவருக்கு விழுந்தது 412.

அதன் பிறகு அம்பலம் ஒரு கட்சியில் சேர்ந்தார். 1967 தேர்தலில் கட்சி அவருக்குக் குடைச் சின்னம் கொடுத்தது. தராசுச் சின்னம் அவரை எதிர்த்துச் சுயேச்சையாக நின்ற பொன்னழகுக்குப் போய்விட்டது. ஓட்டுக் கேட்டு வந்த அம்பலத்திடம் ஊர்ப் பெரியவர் வீரையா, "ஆளு நீங்கதேன் எங்களுக்கு. ஆனா ஆத்தா முன்னாடி தராசுன்னுல்ல சொல்லிப்புட்டோம், நாங்க என்ன செய்ய?" என்றார். அம்பலம் சிரித்துக்கொண்டே போனார், வேடிக்கையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார். ஊர் முழுதும் அழாத குறையாகப் போய்த் தராசில் முத்திரை குத்திவிட்டு வந்தது. அவர் 268 ஓட்டில் தோற்றார்.

அதன் பிறகு நாலு வருடம் அவர் எங்கள் ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இந்த வருடம் மாசி மாதம், தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, பகல் நேரத்தில் தனியாக என் வீட்டுக்கு வந்தார். இந்த முறையும் அவருக்குக் குடை, பொன்னழகுக்குத் தராசு. சத்தியத்தை அவிழ்க்க வழி உண்டா என்று கேட்டார். ஆத்தாவே வந்து உத்தரவு கொடுத்தால்தான் உண்டு என்றேன்.

"அவதேன் பேசணும்னா, அவளைப் பேச வைக்கிறது நீதானே வீரணா."

"அவ வாரது என் கையில இல்லைங்கய்யா."

"மருமகன் மின்சார ஆபீசுல நல்லா இருக்காரா?" என்று அவர் விசாரித்தார். என் மருமகனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர். சரி என்று தலையை ஆட்டினேன்.

அதற்கு மூன்றாம் நாள் கோயிலில் பொங்கல் வைத்து உறுமி அடித்தார்கள். ஆத்தா என்மேல் வரும்போது முதலில் என் கால் நடுங்கும், அதன் பிறகு நடப்பது எனக்குத் தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வேன். அன்று கால் நடுங்கவில்லை. நானாக நடுக்கினேன். நானாக ஆடினேன். ஜனங்கள் நம்புவதற்காக எரியும் சூடத்தை வழக்கம்போல நாக்கில் வைத்தேன். ஆத்தா வந்த நாட்களில் அது சுட்டதே இல்லை. அன்று சுட்டது. அந்த வலியோடு, "தராசுச் சத்தியத்தை அவிழ்த்து விட்டேன், குடைக்குப் போடுங்கடா" என்று சொன்னேன். வீரையா என் காலில் விழுந்து அழுதார். எட்டு நாள் ஆறின கஞ்சிதான் குடித்தேன். பல்வலி என்று சொன்னேன். என் மனைவி சின்னத்தாயி நம்பவில்லை.

அம்பலம் 190 ஓட்டில் ஜெயித்தார். சாமி பேரைச் சொல்லி ஓட்டு வாங்கியது சட்டப்படி செல்லாது என்று அதன் பிறகு பொன்னழகு இந்த வழக்கைப் போட்டார். போன வாரம் அம்பலம் ஆள் அனுப்பி, "பொங்க வச்சோம், கும்பிட்டோம், கலைஞ்சோம்னு சொல்லு. மேக்கொண்டு ஒரு வார்த்தை வேணாம்" என்று சொல்லச் சொன்னார். மறுநாள் பொன்னழகு தரப்பிலிருந்து வந்தவர்கள், ஆத்தா இறங்கிக் குடைக்குப் போடச் சொன்னாள் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார்கள். இரண்டு பேருக்கும் வேண்டியது ஆளுக்கு ஒரு பொய். மருமகன் வேலை போய்விடும் என்று எனக்குப் பயம்தான். ஊர் தெரிந்துகொண்டால், இத்தனை குடும்பத்தையும் சத்தியம் மீற வைத்தவன் என்று என்னை என்ன செய்யும் என்பதும் பயம்தான். இந்த இரண்டு பயத்துக்கும் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆனால் இவர்கள் வருவதற்கு முன்பே, ஆடி மாதப் பொங்கலில் மறுபடியும் உறுமி அடித்தார்கள். கால் நடுங்குமா என்று காத்துக்கொண்டு நின்றேன். ஊர் என்னையே பார்த்தது. வேறு வழியில்லாமல் அன்றும் நானே ஆடினேன். அப்போது என் மகள் கல்யாணசுந்தரி முன்னால் வந்து விழுந்தாள். அவளுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போய், இது மூன்றாவது, அப்போது ஏழு மாதம். பெற்ற தகப்பனாக அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஆத்தா, இந்த வயிறாச்சும் எனக்கு நிலைக்குமா?" என்று கேட்டாள். என்னுள்ளே யாரும் இல்லை. "நிலைக்கும், நல்லபடியாப் பிறக்கும்" என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு திருநீறு வாங்கிப் போனாள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாசிப் பொங்கலில் இருந்து இன்று வரை ஆத்தா என்மேல் வரவில்லை. யார் பெயரால் சத்தியம் செய்யச் சொல்கிறீர்களோ, அவள் பெயரை வைத்து நான் இரண்டு முறை ஏமாற்றிவிட்டேன். அதனால்தான் முதலில் கேட்டபோது மறுத்தேன். என்ன தண்டனை என்றாலும் அது என் நாக்கோடு போகட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். மகளுக்கு அடுத்த மாதம் பேறுகாலம். அதுவரை நான் சொன்னது எங்கள் ஊருக்குத் தெரியக் கூடாது.

மேற்கண்டவை சாட்சி சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, அவருக்கு வாசித்துக் காட்டப்பட்டன. அவை தாம் சொன்னபடியே உண்மையாக உள்ளன என்று அவர் ஒப்புக்கொண்டார். இதன் நகல் இன்று மாலையே மனுதாரர், எதிர்மனுதாரர் இரு தரப்பிற்கும் வழங்கப்படும் என்றும், சாட்சியின் வேண்டுகோளை ஏற்க ஆணையருக்கு அதிகாரம் இல்லை என்றும், கையொப்பம் இடுவதற்கு முன் அவருக்கு விளக்கிச் சொல்லப்பட்டது. சாட்சி தண்ணீர் கேட்டார். கொடுக்கப்பட்டது. அதன் பிறகு இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தார்.