பேசாத போன்

எந்த பாஸ்வேர்டக் கேக்கறீங்க தம்பி, இந்த என் மேசை போனுக்கா? எரநூத்தி மூணு. ஆமா, எக்ஸ்டென்ஷன் நம்பரேதான் பாஸ்வேர்டும். சிரிக்காதீங்க. எல்லா மேசைக்கும் அப்படித்தான் வச்சிருக்கோம், யாரும் மறக்கக்கூடாதுன்னு. பூட்டுலயே சாவியத் தொங்கவிட்ட கதைதான், ஒத்துக்கறேன்.

நாங்க மோட்டார் ரிப்பேர் பண்றவங்க. தண்ணி மோட்டார் ஏன் சுத்தலன்னு கேளுங்க, சொல்றேன். இந்த இன்டர்நெட் போன வித்தவன் ஒயர இழுத்தான், மணி அடிச்சுது, போயிட்டான். லீவு முடிஞ்சு வந்து பாத்தா, பேரே கேள்விப்படாத நாட்டுக்கெல்லாம் எவனோ நம்ம லைன்ல பேசித் தள்ளியிருக்கான். போன் கம்பெனிக்காரன் லைனக் கட் பண்ணிட்டான். அதுக்குத்தானே உங்களக் கூப்பிட்டது.

மாத்துங்க, எல்லாத்தையும் மாத்துங்க. வெளிநாட்டுக்குப் போற காலா? அடைச்சிடுங்க. என்னது, அடைச்சாலும் வேற சந்து தேடி வருவானா? அப்ப என்ன பண்ணி என்ன. சரி, உங்க வேலையப் பாருங்க.

ஒண்ணு கேக்கணும். இந்த போன் மட்டும் சில நாள் மத்தியானத்துல அடிக்கும். எடுத்தா பேச்சிருக்காது, மூச்சு சத்தம்கூட இருக்காது. நம்பர் வர்ற எடத்துல வெறும் நூறுன்னு காட்டும். அதுவும் நின்னுடுமா?

ஆளே இல்லையா? மெஷினா? எந்தக் கதவு தெறந்திருக்குன்னு தட்டிப் பாத்துக்கிட்டே போறதா... எல்லா ஆபீசுக்கும் இப்படித்தான் வருமா? இல்ல, புரியுது. நல்லா பாத்துட்டீங்கல்ல? ஒண்ணுகூட மனுஷங்க போட்டது இல்லையா?

ஒண்ணுமில்ல. அந்தத் தண்ணி பாட்டில இப்படித் தள்ளுங்க.

எனக்கு ஒரே பொண்ணு. என்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போனவ, எங்க இருக்கான்னே தெரியல. வீட்டு போன எடுத்தாச்சு, என் செல் நம்பரும் மாறிப்போச்சு. அவளுக்குத் தெரிஞ்சதுல மாறாம இருக்கறது இந்த ஆபீஸ் நம்பர் ஒண்ணுதான். சின்னதுல கோவம் வந்தா வாயத் தெறக்க மாட்டா, பக்கத்துல வந்து சும்மா நின்னுக்கிட்டிருப்பா. அதான், பேசாத போன் வந்ததும் அவதான்னு முடிவு பண்ணிட்டேன். வேற யாரு என்கிட்ட வந்து பேசாம நிக்கப்போறா?

நான்பாட்டுக்குப் பேசுவேன். இன்னிக்கு என்ன வேலை வந்துச்சு, அம்மாவுக்குக் கால் வீக்கம் வடியல, அப்படின்னு. சண்டைகூடப் போட்டிருக்கேன், எதுத்துப் பேசாத ஆள்கிட்ட சண்டை போடறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா.

அவ அம்மா படுத்த படுக்கையா ஆனப்ப, வந்து ஒரு தடவ பாத்துட்டுப் போடான்னு கெஞ்சினேன். வரல. போய்ச் சேந்ததையும் இதுலதான் சொன்னேன். மச்சான் அப்பவே சொன்னாரு, அவ கூடப் படிச்ச பொண்ணுங்கள விசாரிப்போம், எப்படியாவது தகவல் போயிடும்னு. வேண்டாம், அவளுக்குத் தெரியும், நானே சொல்லிட்டேன்னு தடுத்துட்டேன். பெத்தவ முகத்தப் பாக்க வராத கல்நெஞ்சுக்காரி, இனி எனக்குப் பொண்ணே இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொன்னேன்.

அப்ப அவளுக்குத் தெரியாது, இல்ல தம்பி? அம்மா வீட்டுலதான் இருக்கான்னு இன்னிக்கும் நெனச்சுக்கிட்டிருப்பா.

சரி. இதையும் அடைச்சிடுங்க.