வரிசையாய் முளைத்த கன்றுகள்

— கயித்துச் சக்கரத்தைச் சுத்து பாப்பா, என்னை மேல ஏத்து. இந்தப் பாறையில இருந்த பைன் மரம் எல்லாத்துக்கும் ஓட்டை போட்டு, பட்டுப்போற மருந்து ஊத்தியாச்சு. நம்மளக் கூட்டிட்டுப் போக ஹெலிகாப்டர் வந்துடும்.

— என்ன அவசரம் மேஸ்திரி? கொஞ்சம் தொங்குங்க.

— விளையாடாத. கீழ பாரு, அதலபாதாளம்.

— எங்கண்ணன் விழுந்த பாதாளம்தானே?

— அந்தப் பேச்சு இப்ப எதுக்கு? மேல வந்து பேசுறேன்.

— மேல வந்தா பேச மாட்டீங்க, அதட்டுவீங்க. இடது பக்கம் பாருங்க. என்ன முளைச்சிருக்கு?

— பைன் கன்னு. மலைப் புல்லையெல்லாம் அழிக்கிற சனியன், விதை காத்துல பறந்து கண்ட இடத்துல முளைக்குது.

— காத்து இப்படி நூல் பிடிச்ச மாதிரியா விதைக்கும்? முன்ன நாம அழிச்சுட்டுப் போன இடமா பார்த்து வரிசையா நிக்குது. மரம் தீர்ந்தா வேலையும் தீர்ந்துடும், இல்ல?

— நீ சின்னப் பொண்ணு. உனக்கென்ன தெரியும்?

— கயித்து மேல அருவாள் இருக்குன்னு தெரியும்.

— ஐயோ, எடு! எடு அதை! சரி, விதைச்சோம். போதுமா?

— போதாது. நீங்க விதைப்பீங்க, அதை அழிக்க இறங்கி எங்கண்ணன் சாவானா? அவனைக் கோணியில சுத்திக் கொண்டு வந்து என்னா அழுகை அழுதீங்க! உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நானும் அழுதேனே, நெனச்சா உடம்பெல்லாம் எரியுது. படிப்பை விட்டுட்டு உங்க குழுவில ஏன் சேர்ந்தேன்னு நெனச்சீங்க? ஒரு நாள் உங்க உயிர் என் கையில தொங்கணும்னுதான்.

— பாப்பா, அன்னிக்கு அவன் மருந்து ஊத்த இறங்கல.

— பின்ன?

— மழை, எல்லாருக்கும் லீவு. மறந்துட்டியா? இவன் மட்டும் தனியா வந்திருக்கான். தேடி வந்தா கீழ கிடக்குறான், இடுப்புல விதைப் பை. அதை அவுத்து ஆத்துல விட்டுட்டுத்தான் ஆளுங்களைக் கூப்பிட்டேன். செத்தவன் பேர் கெடக் கூடாதுன்னு.

— பொய்! உயிருக்குப் பயந்து பழியைச் செத்தவன் தலையில கட்டுறீங்க!

— நான் போட்டா இப்படி வரிசையா வருமா? இந்தக் கன்னு எல்லாம் அவன் போட்டதுதான். உங்க வீட்டுல அவன் போட்ட கீரைப் பாத்தி எப்படி இருந்துச்சு, நீயே சொல்லு.

— வேணாம், பேசாதீங்க.

— ரெண்டு பேரும்தான் விதைச்சோம், இல்லேங்கல. இந்தப் பாறை மட்டும் வேணாம்டான்னேன். கேட்கல.

— அப்படி என்ன தலை போற அவசரம் அவனுக்கு?

— “இன்னும் ரெண்டு வருஷம் வேலை ஓடினா போதும், தங்கச்சி படிச்சு முடிச்சிடுவா. அவ இந்தக் கயித்தைத் தொடவே கூடாது”ன்னான்.