சனிக்கிழமை வரை

தண்ணீரில் செடி வளர்த்தால் கை அழுக்காகாது. அதனாலேயே எனக்கு அந்த முறை பிடிக்கும். வேர் தொட்டிக்குள் வெள்ளையாகத் தொங்கும். எது குறைந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். என் அண்ணன் ஃபோல்க்மருக்கு இதெல்லாம் கேலி. அவன் செடியைத் தேங்காய் நார்த்தூளில் வளர்க்கும் கட்சி.

"டேய் ஹார்ட்விக், உன் செடியெல்லாம் டிரிப்ஸ் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடக்குது. என்னுது மெத்தையில காலை நீட்டிப் படுத்திருக்கு பாரு" என்பான்.

மனைவி இறந்த பிறகு அவன் பீலஃபெல்ட் நகரில் இருக்கும் என் வீட்டுக்கே வந்துவிட்டான். வந்த வாரமே நகராட்சியில் அவன் பெயரையும் என் முகவரியில் பதியவைத்தேன். எங்கள் நாட்டில் வயது வந்த ஒருவர் வீட்டில் மூன்று கஞ்சாச் செடி வளர்க்கலாம். இரண்டு பேர் என்றால் ஆறு. முப்பது வருடம் கட்டட ஆய்வாளராக இருந்தவன் நான். ஒரு செடிகூட அதிகம் வைத்ததில்லை. ஒரே தாய்ச்செடியிலிருந்து வெட்டி வேர்விடவைத்த ஆறு கிளைகள், ஒரே அறை, ஒரே விளக்கு. மூன்று தண்ணீரில், மூன்று நார்த்தூளில். அறுவடையை எடை போட்டால் எது சிறந்தது என்று ஒருவழியாகத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அறுவடைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை காலை, அண்ணன் குளியலறையில் வழுக்கி விழுந்தான். இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். போர்வையில் கிடத்தி அவன் அறைக்கு இழுத்துப் போனேன்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுடா."

"கூப்பிட்டா உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டாங்க அண்ணா. உன் பொண்ணு கேசா ஏற்கெனவே முதியோர் இல்லத்துல இடம் பிடிச்சு வச்சிருக்கா. நீ அங்க போயிட்டா இந்த வீட்டுல ஒரு ஆளுதான். உன் மூணு செடியையும் நான் வெட்டணும்."

"வெட்டித் தொலை."

"பாதியில வெட்டினா எதைன்னு எடை போடுறது? அடுத்த சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோ."

அவன் கத்தினான். பக்கத்து வீட்டில் கேட்கக் கூடாதென்று கதவைச் சாத்தினேன். அவன் கைப்பேசியை எடுத்து என் மேசை இழுப்பறையில் வைத்தேன். கேசா அழைத்தபோது, "அப்பா தூங்குறாரும்மா, நல்லாத்தான் இருக்காரு" என்றேன். அவள் நன்றி சொன்னாள்.

வலி தாங்கவில்லை என்று மூன்றாம் நாள் தன் செடியிலிருந்தே ஒரு மொட்டு கேட்டான். ஒரே ஒரு மொட்டு. கொடுத்திருந்தால் எடை குறைந்திருக்கும், அதுவும் அவன் பக்கத்து எடை. அவன் நன்மைக்காகத்தான் மறுத்தேன். நனைந்த படுக்கையை அடிக்கடி மாற்ற முடியவில்லை என்பதால் அவன் குடிக்கும் தண்ணீரையும் குறைத்தேன். ஆனால் அவன் செடிகளுக்கு ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. நான் ஓரவஞ்சனை செய்ததாக யாரும் சொல்ல முடியாது.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு அவன் என்னைத் திட்டவில்லை. எங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

சனிக்கிழமை ஆறையும் வெட்டி எடை போட்டேன். நார்த்தூள் செடிகள் நாற்பது கிராம் அதிகம். தோற்றது எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் அவன் அறைக்குப் போய், "நீதான் ஜெயிச்சே அண்ணா" என்று சொன்னேன். அதன் பிறகுதான் காவல் நிலையத்தில் உங்களுக்குப் போன் செய்தேன்.

அவனை நான் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். அவன் விழுந்தான், இறந்தான், அவ்வளவுதான். ஆனால் வியாழன் மத்தியானத்திலிருந்து சனிக்கிழமை காலை வரை அந்த வீட்டில் உயிரோடு இருந்தது ஒரே ஆள், செடிகளோ ஆறு. மூன்று அதிகம். அந்தக் குற்றத்தை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.