பதினாறுக்கு அடுத்த சுவர்

இதைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே ஐயம். ஐந்தரை மணியா, ஆறா... சொன்னவன் என் நண்பன் சில்வானோ. அவன் தங்கைக்கும் அவள் கணவனுக்கும் நடந்தது.

நவம்பர் பதினேழு. வெள்ளிக்கிழமை. எங்கள் ஊரை ஒட்டி ஓடும் 'போ' என்ற ஆற்றிலிருந்து மூடுபனி ஏறியிருந்தது. கோட்டைச் சுவரோரத் தெருவில் ஆளில்லை. தங்கை கணவன் நெவியோவின் சைக்கிள் சங்கிலிதான்... கிறீச்... கிறீச்.

நெவியோ நீதிமன்றத்தில் டவாலி. வழக்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன். அந்தத் தேதியில் மட்டும் வேலைக்குப் போகமாட்டான். ஆனால் மனைவி ஒர்னெல்லா அங்கே தரை துடைப்பவள். இந்தப் பனியில் அவளைத் தனியே வரவிட மனமில்லை.

கட்டடம் புதிது. கண்ணாடி, கான்கிரீட், மரம். நீளமான ஒரே நடைக்கூடம். வரிசையாக விசாரணை அறைகள். பதினேழாம் எண் மட்டும் கிடையாது. சாவு எண்ணை எங்கள் ஊரில் யார் கதவில் மாட்டுவார்கள்? மிலானிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் சிரித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பதினாறு. வெறும் சுவர். பதினெட்டு.

"வாய்யா பயந்தாங்கொள்ளி," என்றாள் ஒர்னெல்லா. "லீவு போட்டும் இங்கதான வந்து நிக்கிற."

"சீக்கிரம் கிளம்புடி. கோட்டுப் பையில இருந்த சாவி எங்க?"

"பழைய கோர்ட்டுச் சாவியா? பையவே கிழிச்சிருச்சு. எடுத்து வீட்டு மேசையில வச்சிருக்கேன். இங்க எல்லாக் கதவும் அட்டைக்குத்தான் திறக்குது. அத வச்சு எந்தக் கதவத் திறக்கப்போற?"

திறப்பதற்கல்ல. பயம் வந்தால் இரும்பைத் தொட வேண்டும். அதற்காகத்தான் வைத்திருந்தான். சுற்றிலும் பார்த்தான். தொடுவதற்கு ஓர் ஆணிகூட இல்லை.

அவள் முதுகைக் காட்டித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

முதலில் மணம்... அணைந்த மெழுகுவர்த்தி, ஈரச் சுண்ணாம்பு. பிறகு அந்த வெறும் சுவருக்குள் நாற்காலிகள் நகர்ந்தன. நீதிபதி நுழையும்போது எல்லோரும் எழுவார்களே, அப்படி.

பிறகு ஒரு குரல். "ஃபெரியோலி ஒர்னெல்லா."

அது நெவியோவின் குரல். அவன் வாயைத் திறக்கவே இல்லை.

"இருக்கேன் ஐயா," என்றாள் அவள் திரும்பாமலே. சிரித்துக்கொண்டே.

விளக்குகள் அணைந்தன. அங்கே ஆள் அசைந்தால்தான் விளக்கு எரியும். இருட்டில் நெவியோ மூச்சையும் அடக்கி நின்றான்... விளக்கு எரிந்தது.

அசைந்தது அவன் அல்ல.

ஒர்னெல்லா அவன் பக்கத்தில் நின்றிருந்தாள். துடைப்பான் சுவரோரம் கிடந்தது. ஈரத் தரையில் அவள் செருப்புத் தடம் நேரே சுவர்வரை போயிருந்தது. திரும்பிய தடம் இல்லை.

"போலாமா?" என்றாள்.

அவள் கை குளிர்ந்திருந்தது. பனிதான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். வெளியே வந்ததும் சைக்கிளில் ஏறச் சொன்னான்.

"நடந்தே வரேன்," என்றாள். அதன் இரும்புக் கம்பியைப் பார்த்துக்கொண்டு.

அவ்வளவுதான். நெவியோ அந்த வேலையை விட்டுவிட்டான். இப்போது மாவு மில்லில் இருக்கிறான்; யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சில்வானோ தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டான். சுவர் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. ஒர்னெல்லா நலம். ஞாயிறு தவறாமல் பூசணிக்காய் வைத்துப் பாஸ்தா செய்கிறாள். தினமும் மேசையைத் துடைக்கிறாள்.

சாவியைச் சுற்றி.