மடியில் வந்த பவளம்

பிள்ளைகளே, நேற்று ராஜபாளையத்தில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் தண்ணீர் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது.

"பசை போட்டுக் கல்லுல ஒட்டுனேன்க்கா, பொழைச்சுக்கிடுச்சு" என்றாள்.

மூத்தவள் சிரித்தாள். "ஏட்டி, பசை போட்டு ஒட்டுனா உசிரு நிக்குமாக்கும்?"

"இது பவளம்க்கா, கடல் பிராணி. மூணு துண்டு வாங்குனேன். மொதல்ல மூணையும் முருங்கைப் போத்து மாதிரி தொட்டி மணல்ல ஊனிட்டேன். ரெண்டு செத்துப்போச்சு. மிச்சம் இது ஒண்ணுதான். இப்ப வீட்டு உப்புத்தண்ணித் தொட்டியில மோட்டாரும் நின்னுபோச்சு. அதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, அண்ணன் வீட்டுத் தொட்டிக்குக் கொண்டு போறேன்."

"குலுங்குற குலுங்கலுல பசை விட்டுப்போனா?"

"இனிமே பசை எதுக்கு? நல்லாப் பாருங்க. அதுவே சதை வளத்து, பசையை மூடி, கல்லைப் புடிச்சிருக்கு."

மூத்தவள் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"கையுமில்ல, காலுமில்ல" என்றாள் மெதுவாக.

வன்னியம்பட்டி விலக்கில் பஸ் தூக்கிப் போட்டது. மூத்தவள் தன் பையைக் காலடியில் இறக்கி வைத்தாள்.

"இங்க கொடு. நீ ரொம்ப ஆட்டுத."

ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அந்த டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடியே வந்தாள்.