நங்கூரம் வைத்த வீடு

பெங்களூரில் கடல் இல்லை. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் காக்ஸ் டவுனில் கடற்கொள்ளையன் புதையல் என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வந்தது, இன்ஸ்பெக்டர். தப்பில்லை. முதன்முதலில் சொன்னபோது நானும் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

என் பெயர் சுந்தரம். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். பிலோமினாம்மா வீட்டு மாடியில் வெகுகாலமாகக் குடியிருக்கிறேன். என் மனைவி அந்த மாடியில்தான் காலமானாள். அதன் பிறகு வாய் திறந்து பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள் கீழ்வீட்டுப் பிலோமினாம்மாதான். அவரும் கணவரைப் பறிகொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் கறிக்குழம்புக் கிண்ணத்தோடு படியேறுவார். முட்டி வலி வந்த பிறகு கீழிருந்தே என்னைக் கூப்பிடுவார். மகன் ஆல்பர்ட் மெல்போர்னில் இருக்கிறான். வீட்டை அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டு அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போகத் துடித்தான். நல்ல பிள்ளைதான், அவன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வாசல் வளைவில் இரும்பு நங்கூரம் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்தவர்களுக்கு அது நம்பிக்கையின் அடையாளம். வீட்டை முதலில் கட்டியவர் யாரோ வேண்டிக்கொண்டு வைத்திருப்பார். பில்டர் வந்து அளந்துவிட்டுப் போன அன்று பிலோமினாம்மா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த நங்கூரத்தைக் காட்டி, அங்கேயே ஒரு கதை கட்டினேன். மங்களூர்ப் பக்கம் கப்பல்களை மடக்கிக் கொள்ளையடித்த ஒருவன், பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்றி மலையேறி வந்து, கண்டோன்மெண்டில் ரொட்டிக்காரனாக வேஷம் போட்டு, இந்த மனையில் புதைத்துவிட்டுச் செத்துப்போனான் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சிரித்தார்.

அந்த வாரமே அவர் போனில் பேசுவது மாடிக்குக் கேட்டது.

"நம்ம வீட்டுக்குக் கீழ புதையல் இருக்குதாம்டா ஆல்பர்ட். சுந்தரம் சார் படிச்சவரு, சும்மா சொல்லமாட்டாரு. இதப் போயி பில்டருக்குக் குடுப்பேனா?"

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்க்கும் ஐ.டி. பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். மூடிக் கிடக்கும் கிணற்றைக் காட்டி பிலோமினாம்மாவே அவர்களுக்குக் கதை சொன்னார். என்னைவிட நன்றாகச் சொன்னார். வைஷ்ணவி என்று ஒரு பெண் அதை வீடியோ எடுத்துப் போட்டாள். அவளை விசாரிக்க வேண்டாம், பாவம்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மூன்று பேர் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவே கோயிலுக்குப் போயிருந்தது. முட்டி வலியால் பிலோமினாம்மா மட்டும் போகவில்லை. முதலில் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பிறகு அவரை நாற்காலியில் வைத்துக் கட்டினார்கள்.

"எனக்கு எடம் தெரியாதுப்பா. மாடியில சார் இருக்காரு, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

ஒருவன் பாதிப் படி ஏறி நின்றான். "நிஜ ஹேளி சார். நிதி இதெயா, இல்வா?" என்றான். உண்மையைச் சொல்லச் சொன்னான், புதையல் உண்டா இல்லையா என்று. என் கதவு திறந்திருந்தது. அங்கிருந்து கீழே நாற்காலி தெரிந்தது. பிலோமினாம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் நான் கட்டிவிட்ட கதை என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் போயிருக்கவும்கூடும். ஆனால் அது பிலோமினாம்மா காதிலும் விழும். அடுத்த மாதமே வீட்டைக் கொடுத்துவிட்டு மகனிடம் போய்விடுவார். போகிற வரைக்கும் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரோடு பேசுவது? பதற்றத்தில் உளறினேன் என்று எழுதாதீர்கள். யோசித்துத்தான் பேசினேன். புதையல் இருக்கிறது, இடம் அந்த அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், கணவர் சாகும்போது சொல்லிவிட்டுப் போனார் என்றேன். கன்னடத்தில்தான் சொன்னேன். அவருக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும்.

பிலோமினாம்மா கோபப்படவில்லை. "எப்ப சார் சொன்னாரு? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலியே" என்று மட்டும் கேட்டார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பூசை முடிந்து தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்வரை அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். என் கையில் போன் இருந்தது. கூப்பிட்டிருந்தால் நீங்கள் வந்திருப்பீர்கள். வந்ததும் அவர் முன்னாலேயே அதே கேள்வியை என்னிடம் கேட்டிருப்பீர்கள். அதனால் கூப்பிடவில்லை. அவர்கள் போன பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். இறங்கிப் போனபோது அவருக்கு உயிர் இல்லை. கட்டை அவிழ்த்து, சேலையைச் சரிசெய்து, பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் மனைவிக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

பிடிபட்டவர்கள் சொல்வதெல்லாம் உண்மை. தெரியாது என்று கெஞ்சியவரிடம் அவர்களைத் திருப்பி அனுப்பியது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள். எனக்கு இருக்கிற ஒரே ஆறுதலையும் இதோடு எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கதை பொய்யென்று தெரியாமலே பிலோமினாம்மா போய்ச் சேர்ந்தார்.