வெள்ளை வளையம்

சிவனேஸ்வரி: ...அதுதான் சொல்லுறன், சேர். பூச்சிக் கட்டுரையிலை உங்கடை பேருக்குப் பக்கத்திலை என்ரை பேரையும் போடுங்கோ.

கதிர்காமநாதன்: என்ன கேட்டனீர்?

சிவனேஸ்வரி: கேட்கக் கூடாததை. வேலை கிடைச்ச அண்டே அப்பு சொன்னவர், ‘மேலதிகாரியிட்டை சம்பளம் கேள், லீவு கேள், பேர் மட்டும் கேட்டுடாதை’ எண்டு. கேட்டுப்போட்டன்.

கதிர்காமநாதன்: உம்மடை அப்பு புத்தியுள்ள மனிசன்.

சிவனேஸ்வரி: ஓம். வயலுக்கு வாய்க்கால் தண்ணி விடச் சொல்லி ஓவசியர்மாருக்கு முன்னாலை கைகட்டி நிண்டு நிண்டு வந்த புத்தி. எனக்கு அது வேண்டாம்.

கதிர்காமநாதன்: முதல்லை கதிரையிலை இரும். இந்த ஆராய்ச்சி நிலையம் கிளிநொச்சிக்கு வந்த நாளிலையிருந்து உதவியாளரின்ரை பேர் போட்ட வழக்கம் இல்லை.

சிவனேஸ்வரி: மற்றப் பூச்சியளைக் குத்திக் கொல்லுற கொலைகாரப் பூச்சியிலை புதுசா ஒண்டை உலகத்துக்குச் சொன்ன வழக்கமும் இல்லைத்தானே.

கதிர்காமநாதன்: அதைக் கொக்கிளாயிலை கல்லுப் புரட்டிப் பிடிச்சது நான். ஊசி குத்தி, ‘1961, கொக்கிளாய்’ எண்டு துண்டு எழுதி வைச்சதும் நான்.

சிவனேஸ்வரி: வெட்டிப் பாத்தது ஆர்? தசை கரையப் பொட்டாசிலை ஊறவைச்சது ஆர்? ஊசிவாயிலை மூண்டு கணு, நெஞ்சுக்குக் கீழை அந்த வாயை உரசிக் கீச்சிடுற பள்ளம், முன்னங்காலிலை இரை வழுகாமல் பிடிக்கிற பஞ்சுமெத்தை... அவ்வளவையும் அளந்து படமாக் கீறினது ஆர்?

கதிர்காமநாதன்: நீர்தான். இல்லையெண்டு சொன்னனானே? ஆனால் அந்தக்... கடைசிப் படம்...

சிவனேஸ்வரி: எது? ஆண் பூச்சியின்ரை குறியோ?

கதிர்காமநாதன்: மெல்லக் கதையும்! வெளியிலை கிளாக்கர்மார் இருக்கினம்.

சிவனேஸ்வரி: பூச்சியிலையும் ஆண் இருக்கிறது அவையளுக்குத் தெரியாதே?

கதிர்காமநாதன்: உமக்காகத்தான் சொல்லுறன். கலியாணம் ஆகாத பிள்ளை. அப்பிடி ஒரு படத்தோடை உம்மடை பேர் அச்சிலை வந்தால், நாளைக்கு ஆர் உம்மைக் கட்டுவான்?

சிவனேஸ்வரி: அந்தக் கட்டுரையை வாசிக்கிற மாப்பிள்ளை வன்னியிலையும் இல்லை, ஆனையிறவுக்கு அங்காலையும் இல்லை. பயப்பிடாதேங்கோ.

கதிர்காமநாதன்: சரி, ஒண்டு செய்வம். பூச்சிக்கே உம்மடை பேரை வைக்கிறன். உலகம் உள்ளவரைக்கும் நிக்கும்.

சிவனேஸ்வரி: செத்து ஊசியிலை நிக்கிறதுக்கு என்ரை பேர். அதைக் கண்டு சொன்ன ஆளுக்கு உங்கடை பேர்.

கதிர்காமநாதன்: அது எவ்வளவு பெரிய மரியாதை தெரியுமே?

சிவனேஸ்வரி: மரியாதை வேண்டாம், சேர். பொறுப்பு வேணும். என்ரை பேர் இருந்தால் அதிலை உள்ள ஒவ்வொரு வரிக்கும் நான் பதில் சொல்ல வேணும். பிழையான வரியை வெட்டுங்கோ எண்டு சொல்லவும் உரிமை வரும்.

கதிர்காமநாதன்: ...எந்த வரி?

சிவனேஸ்வரி: ‘உணர்கொம்பில் வெள்ளை வளையம் உண்டு, இனத்தை அறிய இதுவே போதும்.’ அந்த வரி.

கதிர்காமநாதன்: விசரே உமக்கு? அதுதானே அடையாளம்!

சிவனேஸ்வரி: இல்லை. பெண்ணைப் பிடிக்க ஆணுக்குப் பின்நுனியிலை இருக்கிற கொளுக்கிதான் அடையாளம். இந்தக் கூட்டத்திலை தெரிஞ்ச எல்லாத்துக்கும் ஒற்றை முனை. இதுக்கு மட்டும் ரெண்டாய்க் கவர் விட்டிருக்கு. அதாலைதான் இது புதுசு.

கதிர்காமநாதன்: அதை ஆர் வெட்டிப் பாத்துக்கொண்டு இருக்கப்போறான்? வளையம் எண்டால் கண்டவுடனை சொல்லலாம்.

சிவனேஸ்வரி: நீங்கள் கண்டனீங்களே? கொக்கிளாயிலை பிடிக்கேக்கை வளையம் இருந்ததோ?

கதிர்காமநாதன்: ...இருந்தது.

முத்தலிப்: தேத்தண்ணி, சேர். தங்கச்சிக்கும் போட்டனான், சீனி கூட. என்ன இது, ஆளையாள் குத்த நிக்கிறியள்? அந்தப் பூச்சியின்ரை குணம் ரெண்டு பேருக்கும் தொத்தீட்டுதோ?

சிவனேஸ்வரி: நல்ல நேரம் வந்தியள், முத்தலிப் நானா. இந்த அறையைத் துப்புரவாக்கிறது நீங்கள்தானே. கோந்துப் போத்தல் இஞ்சை ஏன் வந்தது?

முத்தலிப்: கோந்தோ? அது கந்தோரிலை கடிதம் ஒட்டுற சாமான். கொழும்பிலையிருந்து பெரிய ஆக்கள் வந்தினமே, நீங்கள் லீவிலை நிக்கேக்கை... அண்டைக்குச் சேர் பூச்சிப் பெட்டியைக் கை தவறிப் போட்ட உடனை, ‘ஓடு முத்தலிப், கோந்து கொண்டா’ எண்டு...

கதிர்காமநாதன்: முத்தலிப்! உன்ரை வேலையைப் போய்ப் பார்.

முத்தலிப்: வாசல்லைதான் நிக்கிறன், சேர். கோப்பை எடுக்கவேணும்.

சிவனேஸ்வரி: மைக்ரோஸ்கோப்பிலை பாத்தனான். ரெண்டு கொம்பின்ரை அடியிலையும் கோந்துக் குமிழ். அந்தக் கொம்பு எங்கடை வயல் வரம்பிலை திரியிற வேறை பூச்சியின்ரை.

கதிர்காமநாதன்: ...வேறை என்ன செய்ய? துரைமார் படியேறி வருகினம். கொம்பில்லாத பூச்சியை நீட்டச் சொல்லுறீரே? உடைஞ்சதைத் தேடினன், கிடைக்கேல்லை. தட்டிலை கிடந்த ஒண்டிலையிருந்து எடுத்து... அண்டைக்கு ஒரு நாளைக்கு எண்டுதான். அவையள் வளையத்தைப் பாத்திட்டு ‘ஆகா’ எண்டினம்.

சிவனேஸ்வரி: பிறகு நீங்களும் ‘ஆகா’ எண்டு எழுதிப்போட்டியள்.

கதிர்காமநாதன்: கதவைச் சாத்தும்.

சிவனேஸ்வரி: திறந்து கிடக்கட்டும்.

கதிர்காமநாதன்: சரி. பேர் போடுறன். முதல் பேராயே போடுறன். நாளைக்குத் தபாலிலை லண்டனுக்குப் போகட்டும். அந்த வரியை மட்டும் தொடாதையும். கேட்டது இதுதானே, பிள்ளை? உங்கடை பரம்பரையிலை கையெழுத்து வைக்கிற முதல் ஆள் நீர். அது லண்டன் அச்சிலை...

சிவனேஸ்வரி: முதல் ஆள் எண்டபடியாத்தான், சேர். என்னத்துக்குக் கீழை எண்டு தெரியாமல் அப்பு காலம் முழுக்கப் பெருவிரல் வைச்சவர். நான் தெரிஞ்சுகொண்டு பொய்க்குக் கீழை வைக்கவோ?

கதிர்காமநாதன்: எங்கை எழும்புறீர்? அந்தப் படங்களை வையும்!

சிவனேஸ்வரி: என்ரை கை கீறினது. என்னோடை வரும். நான் போறன்.

முத்தலிப்: தங்கச்சி, போறன் எண்டு சொல்லப்படாது. வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ.

சிவனேஸ்வரி: இல்லை, நானா. போறன்.

கதிர்காமநாதன்: போம்! படத்தைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறீர்? பூச்சி என்ரை அலுமாரிக்குள்ளை. உலகத்திலை இருக்கிறது அது ஒண்டுதான்.

சிவனேஸ்வரி: ரெண்டு, சேர். போன கிழமை கொக்கிளாய்க்குப் போய் நானும் கல்லுப் புரட்டினனான். ஆண்தான், கொம்பு ரெண்டும் நுனிவரைக்கும் கறுப்பு, வளையம் இல்லை. அந்த வரியை வெட்டுறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், அதை உங்கடை மேசையிலை வைச்சுப்போட்டு ‘ரெண்டு பேருமாய் எழுதுவம்’ எண்டு கேக்கத்தான் வந்தனான்.